விலங்கு இழையத்தை நுணுக்குக்காட்டிக்குத் தயாரித்தல்: மலையக ஆய்வுகூடங்களில் புதிதாகத் தொடங்குவோருக்கு

விலங்கு இழையம் ஒன்றின் உள்ளமைப்பைப் பார்ப்பதற்கு அதை நிலைப்படுத்தி, நீரகற்றி, மெழுகில் பதித்து, சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள சீவல்களாக்கி, சாயமேற்ற வேண்டும். இந்த வரிசை எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் நேரங்களும் வெப்பநிலைகளும் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான அறையையும், குழாயைத் திறந்தால் ஓரளவு வன்னீர் வரும் ஊரையும் மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை, மாசியில் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும் ஓர் ஊரில், அந்த எண்களை அப்படியே பின்பற்றினால் சில கட்டங்களில் ஏமாற்றமே மிஞ்சும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி, பேராதனைப் பகுதியில் குளிர் அவ்வளவு தொல்லை தராது. ஆனால் நீரும் ஈரக்காற்றும் அங்கும் கவனிக்க வேண்டியவை.

ஆகவே இந்த வழிகாட்டியில் வழக்கமான முறையைப் படிப்படியாகச் சொல்வதோடு, அறையின் குளிர், குழாயின் நீர், காற்றின் ஈரம் ஆகிய மூன்றும் எந்தக் கட்டத்தில் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எந்தக் கட்டத்திலும் கடிகாரத்தை மட்டும் நம்பாமல் இழையத்தையும் கரைசலையும் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கப் பழகுவதே தொடங்குபவருக்கு முதலில் தேவையான பயிற்சி.

எந்த இழையம், யாருடைய அனுமதி

கை பழகுவதற்காக ஒரு விலங்கையும் கொல்ல வேண்டியதில்லை. ஹட்டனிலோ கம்பளையிலோ பதுளையிலோ காலையில் இறைச்சிக் கடைக்குப் போனால் அன்று அறுத்த ஆட்டின் சிறுநீரகமும் ஈரலும் குடலும் கிடைக்கும். கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்து, உறுப்பைப் பொலித்தீன் பையிலிட்டு, அந்தப் பையை ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்து நேரே ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வாருங்கள். இழையத்தை நிலைப்படுத்தும் கரைசலான போமலினின் போத்தலைக் கடைக்குக் கொண்டுபோய் உணவு விற்கும் இடத்தில் திறக்கவே கூடாது. உறையவைத்த கோழியை வாங்க வேண்டாம். உறையும்போது உருவாகும் ஐஸ் பளிங்குகள் இழையத்தைக் கிழித்து விடுவதால், சீவலில் அமைப்பைவிட ஓட்டைகளே அதிகம் தெரியும். முதற் பயிற்சிக்கு ஆட்டுச் சிறுநீரகத்தையே நான் பரிந்துரைப்பேன். ஒரே துண்டில் புறணியும் மையவிழையமும் இருப்பதோடு, நிலைப்படுத்தல் நன்றாக நடந்ததா என்பதையும் அது ஒளிக்காமல் காட்டிவிடும்.

ஆராய்ச்சிக்காக எலி, முயல் போன்றவற்றைப் பயன்படுத்துவதாயின் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடமிருந்து எழுத்துமூல அனுமதி பெற்ற பின்பே எதையும் தொடங்க வேண்டும். ரஸ்ஸல், பேர்ச் ஆகிய இருவரும் 1959 இல் முன்வைத்த மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று கொள்கைகளே இன்றும் இத்தகைய குழுக்களின் அடிப்படை. இழையவியல் செய்பவருக்கு இதில் நேரடியான பொறுப்பு உண்டு: தவறாக நிலைப்படுத்திய இழையத்திலிருந்து எதையும் மீட்க முடியாது, அதற்காக இறந்த உயிர் வீணாகப் போய்விடும், அதே சோதனைக்கு இன்னொரு விலங்கு தேவைப்படும்.

மலையகத்துக்கே உரிய ஓணான்களையும் மரத்தவளைகளையும் ஆர்வத்தால் பிடித்து வர வேண்டாம். காட்டு விலங்குகள் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தேயிலை மலையில் கம்பிச் சுருக்கில் சிக்கி இறந்த சிறுத்தையின் உடலைக்கூட வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தொட முடியாது. நீர்வெறுப்பு நோய் என்று சந்தேகிக்கப்படும் நாயையோ மாட்டையோ நீங்களாகத் திறக்காமல் பிரதேச அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். அந்நோயை உறுதிப்படுத்த வழக்கமாகச் செய்யப்படும் ஒளிர்வுச் சோதனைக்குப் புதிய மூளை தேவை. முழுவதையும் போமலினில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு கெட்டுவிடும். லயங்களிலும் வயல்களிலும் பிடிபடும் எலிகளின் சிறுநீரகத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கையாளும்போது இரட்டைக் கையுறையும் கண்பாதுகாப்பும் கட்டாயம்.

நிலைப்படுத்தல்

விலங்கு இறந்ததும் கலங்களுக்குள் இருக்கும் நொதியங்களே அக்கலங்களைச் சிதைக்கத் தொடங்குகின்றன. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் தொழிற்சாலையை அடையுமுன்பே அது சூடேறிச் சிவந்துவிடுவது போல, இழையமும் வெளியிலிருந்து எதுவும் சேராமலே தனக்குள்ளிருந்து கெட்டுப்போகும். குடலின் உட்படை சில நிமிடங்களிலேயே உரியத் தொடங்கும். சதையியும் விரைவாகச் சிதையும். தசையும் தோலும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். நிலைப்படுத்தும் கரைசல் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, நொதியங்களைச் செயலிழக்கச் செய்து, கலத்தை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. ஃபேர்டினன்ட் புளூம் 1893 இல் இதற்குப் போமல்டிகைட்டைப் பயன்படுத்திக் காட்டிய நாளிலிருந்து இன்றுவரை அன்றாட வேலைக்கு அதுவே முதல் தெரிவாக இருக்கிறது.

நடுநிலைப்படுத்திய தாங்கற் போமலினைத் தயாரிப்பது எளிது. 900 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 4 கிராம் சோடியம் இருஐதரசன் பொசுபேற்று ஓரைதரேற்றையும் 6.5 கிராம் நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்றையும் கரைத்து, அதனுடன் கடையில் வாங்கும் செறிந்த போமலின் 100 மில்லிலீற்றர் சேர்க்க வேண்டும். செறிந்த போமலினில் 37 முதல் 40 சதவீதம் வரை போமல்டிகைட்டு இருப்பதால், 10 சதவீதப் போமலின் என்று நாம் அழைக்கும் கரைசலில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 4 சதவீதம் போமல்டிகைட்டுத்தான். பீ.எச். பெறுமானம் 7 இற்கு அண்மையில் இருக்க வேண்டும். தாங்கல் உப்புகளைச் சேர்க்காமல் வெறும் நீரில் கரைத்த போமலின் நாளடைவில் அமிலத்தன்மை அடையும். அதில் வைத்த மண்ணீரல், ஈரல் போன்ற குருதி நிறைந்த இழையங்களில் கபிலக் கறுப்பு நிறத் துணிக்கைகள் படிந்து, நோயின் அடையாளமோ என்று பார்ப்பவரை மயக்கும்.

இங்கேதான் குளிர் முதலில் குறுக்கிடுகிறது. செறிந்த போமலினைக் குளிரில் வைத்தால் போமல்டிகைட்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து, போத்தலின் அடியில் வெள்ளை வீழ்படிவாக இறங்கும். இதைத் தடுக்கவே உற்பத்தியாளர்கள் அதில் மெதனோல் கலக்கிறார்கள். எனினும் நுவரெலியா, அம்பேவெல, ஹக்கல போன்ற இடங்களில் வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும் போத்தலில் அந்த வெண்மையைக் காணலாம். கலங்கிய போத்தலில் போமல்டிகைட்டின் செறிவு குறைந்திருக்கும். மேலே தெளிந்திருப்பதை வடித்து வழக்கமான அளவில் கரைத்தால் வலுவற்ற கரைசலே கிடைக்கும் என்பதால், அதை இழையத்துக்குப் பயன்படுத்தாமல் புதிய போத்தலை எடுங்கள். சிறிய போத்தல்களாக வாங்கி, அறைக்குள் இளஞ்சூடான மூலையில் வைத்து, திறந்த திகதியை மேலே எழுதிவைப்பதே சரியான வழி. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. போமலினுக்கு அது கெடுதல்.

துண்டின் தடிப்பு 3 முதல் 5 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். நீள அகலம் கசெட்டுக்குள் (துண்டை வைத்துக் கரைசல்களில் அமிழ்த்தும் துளையுள்ள சிறு பெட்டி) நெருக்கமின்றி அடங்கினால் போதும். போமலின் முதல் மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஊடுருவும் என்று கணக்கு வைக்கலாம், ஆனால் அதே வேகத்தில் தொடர்ந்து போகாது. ஊடுருவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். ஆட்டுச் சிறுநீரகத்தை முழுதாகப் போட்டுவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தாலும் நடுப்பகுதி கெட்டே இருக்கும் என்பதன் காரணம் இதுதான். கூரிய புதிய கத்தியால், அறுப்பது போல முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே வீச்சில் வெட்டுங்கள். இழையத்தின் கனவளவைப் போல் பத்து முதல் இருபது மடங்கு கரைசல் இருக்க வேண்டும். போத்தலின் அடியில் ஒரு துண்டு பஞ்சையோ வடிதாளையோ இட்டால் துண்டு கண்ணாடியில் ஒட்டாமல் எல்லாப் பக்கமும் கரைசலில் நனையும்.

நேரத்தைப் பொறுத்தவரை, வெதுவெதுப்பான அறையில் 24 மணித்தியாலம் போதுமென்று நூல்கள் கூறும். குளிரில் ஊடுருவலும் மெதுவாகும், புரதங்கள் பிணைவதும் மெதுவாகும். இரவில் 12 பாகைக்கு இறங்கும் அறையாயின் 48 மணித்தியாலம் வைப்பதே என் விருப்பம். நொதியச் சிதைவும் அதே குளிரால் மெதுவாவது நமக்கு நன்மைதான், ஆயினும் அதை நம்பி இழையத்தைத் துண்டாக்குவதைத் தாமதிக்க வேண்டாம். நேரம் போதுமா என்பதை அறிய உபரித் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நிலைப்பட்ட ஈரல் விளிம்பிலிருந்து நடுவரை ஒரே சாம்பல் கலந்த கபில நிறமாகவும், விரலால் அழுத்தினால் அவித்தது போல உறுதியாகவும் இருக்கும். நடுவில் இன்னும் செந்நிறம் மாறாமல், தொட்டால் குழைந்து, வெட்டிய இடத்தில் குருதி கசிந்தால் கரைசலை மாற்றி இன்னொரு நாள் விடுங்கள்.

எல்லா இழையத்துக்கும் போமலின் ஒன்றே போதாது. ஆண் விலங்கின் விதையிலுள்ள நுண்குழாய்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமாயின், நிரம்பிய பிக்கிரிக் அமிலக் கரைசல் 75 பங்கு, செறிந்த போமலின் 25 பங்கு, கிளேசியல் அசற்றிக் அமிலம் 5 பங்கு சேர்ந்த பூவான் கரைசல் பொருத்தமானது. பிக்கிரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக்கூடியது. போத்தலின் மூடிப்புரியில் உலர்ந்த மஞ்சள் தூளைக் கண்டால் திறக்க முயலாமல் பொறுப்பாளரை அழையுங்கள். கிளேசியல் அசற்றிக் அமிலம் 16.6 பாகையில் உறைந்துவிடும் என்பதும் இங்கு முக்கியம். குளிர்காலக் காலைகளில் போத்தல் முழுவதும் கண்ணாடி போல இறுகியிருப்பதைக் கண்டு அமிலம் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். மூடியைச் சற்றுத் தளர்த்தி, புகைபோக்கிப் பெட்டிக்குள் இளஞ்சூட்டு நீரில் நிறுத்தினால் தானாகவே உருகும். தீச்சுவாலை வேண்டாம், அந்த ஆவி எரியக்கூடியது. ஒரு பகுதி மட்டும் உருகிய நிலையில் அளந்து எடுக்காமல், முழுவதும் உருகிய பின் மெதுவாகக் கலக்கி எடுங்கள்.

மூளைக்கு ஒரு சொல்: நிலைப்படுத்துமுன் விரலாலும் சாவணத்தாலும் அழுத்தினால், சுருங்கிக் கறுத்த நரம்புக் கலங்கள் சீவலில் தோன்றும், அவை நோயினால் வந்தவை அல்ல, கைபட்டதால் வந்தவை. என்பு, அதாவது எலும்பு ஆயின், நிலைப்படுத்திய பின் கல்சியத்தை அகற்ற வேண்டும். 10 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல் வாரக்கணக்கில் எடுத்தாலும் கலங்களைக் கெடுக்காது. போமிக் அமிலம் சில நாட்களில் முடித்துவிடும், ஆனால் அளவு மீறினால் கருக்கள் சாயம் ஏற்கமாட்டா.

நீரகற்றலும் மெழுகூட்டலும்

கசெட்டில் பென்சிலால் மட்டும் இலக்கமிடுங்கள். பேனை மை அற்ககோலில் கரைந்துபோய், எது எந்த விலங்கினது என்று தெரியாமல் ஆகிவிடும். 70, 80, 95 சதவீத அற்ககோல்களில் ஒவ்வொரு மணித்தியாலமும், பின்னர் தூய அற்ககோலில் இரண்டு அல்லது மூன்று முறை ஒவ்வொரு மணித்தியாலமும், அதன்பின் சைலீனில் இரண்டு முறை 45 நிமிடங்கள் முதல் ஒரு மணித்தியாலம் வரையும், இறுதியாக உருகிய பரபின் மெழுகில் மூன்று முறை ஒவ்வொரு மணித்தியாலமும் வைப்பது 3 மில்லிமீற்றர் துண்டுக்குப் போதுமான அட்டவணை. இழையத்திலுள்ள கொழுப்பு இந்தப் பயணத்தில் கரைந்து போய்விடும். கொழுப்பைப் பார்ப்பதுதான் நோக்கமாயின் இந்த வழி ஆகாது, உறையவைத்துச் சீவி ஒயில் ரெட் ஓ சாயம் ஏற்ற வேண்டும்.

தூய அற்ககோல் காற்றிலிருந்து நீரை ஈர்க்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஹட்டன், நோர்வுட் பக்கங்களில் சன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளேயே வரும் நாட்களில், மூடி சரியாகப் பொருந்தாத ஜாடியிலுள்ள அற்ககோல் பெயரளவில்தான் தூயது. அதைச் சோதிக்க மலிவான ஒரு வழி உண்டு: நீரற்ற செப்பு சல்பேற்றின் வெள்ளைத் தூள் சிறிதளவை ஒரு சிறு குழாயில் எடுத்து, அதில் சில மில்லிலீற்றர் அற்ககோலை ஊற்றுங்கள். தூள் நீலமானால் நீர் இருக்கிறது, ஆகவே அந்த ஜாடியை 95 சதவீத இடத்துக்கு இறக்கிவிட்டுப் புதியதை வையுங்கள். அடுத்த எச்சரிக்கையைச் சைலீனே தரும். நீரகற்றப்படாத துண்டு சைலீனில் இறங்கியதும் அதைச் சுற்றிப் பால் போன்ற வெண்மை பரவும். அதைப் பார்த்தும் தொடராதீர்கள். மீண்டும் புதிய தூய அற்ககோலுக்குத் திரும்பிப் போக வேண்டும். தெளிந்த துண்டு சைலீனில் ஒளி ஊடுருவும்படி கண்ணாடித்தன்மையாகத் தெரியும்.

சைலீன் தீப்பற்றக்கூடியது, அதன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். போமல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. குளிர் என்பதற்காக சன்னல்களையும் கதவுகளையும் இறுக மூடிவிட்டு இந்தக் கரைசல்களோடு நாள் முழுவதும் இருப்பது மலையகத்து ஆய்வுகூடங்களில் எளிதில் படிந்துவிடும் பழக்கம். அது உங்கள் உடலுக்குச் செய்யும் பெரிய தீங்கு. புகைபோக்கிப் பெட்டி இல்லாத அறையாயின் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள்.

மெழுகின் உருகுநிலையைக் காலநிலைக்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். வெப்பமான இடங்களில் 60 பாகைக்கு அண்மையில் உருகும் கடின மெழுகு பொருந்தும். குளிரான அறையில் அதே மெழுகு மிகவும் இறுகி, சீவல்கள் நாடாவாக ஒட்டாமல் தனித்தனியாக உதிரும். அங்கு 54 முதல் 56 பாகையில் உருகும் மெழுகே நல்லது. சூடேற்றும் பெட்டி உருகுநிலையைவிட இரண்டு, மூன்று பாகை மட்டும் கூடுதலாக இருக்கட்டும். மழையும் காற்றும் மின்தடையைக் கொண்டுவரும் என்று தெரிந்தால் துண்டுகளை 70 சதவீத அற்ககோலிலேயே நிறுத்திவையுங்கள், சில நாட்கள் பாதுகாப்பாக இருக்கும். மெழுகுக்குள் இருக்கும்போது மின் போனால் பயமில்லை, மின் வந்ததும் மீண்டும் உருக்கித் தொடரலாம்.

பதித்தலும் சீவுதலும்

அச்சில் சிறிது மெழுகை ஊற்றி, நீங்கள் பார்க்க விரும்பும் முகம் கீழே படும்படி சூடான சாவணத்தால் துண்டை நிறுத்த வேண்டும். குடலும் குருதிக் கலனும் குழாயாதலால் குறுக்குவெட்டு வரும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். தோல், மேற்பரப்பிலிருந்து கொழுப்புப் படைவரை எல்லாப் படைகளும் ஒரே சீவலில் வரும்படி ஓரமாக நிற்க வேண்டும். இந்த ஒரு கணத்தில் செய்யும் பிழையைப் பின்னர் எந்தச் சாயத்தாலும் திருத்த முடியாது. குளிரான மேசை மேல் அச்சைத் திடீரென வைத்தால் மெழுகு சீரற்றுச் சுருங்கி வெடிப்பதுண்டு. ஆதலால் அச்சை முதலில் இளஞ்சூடாக்கிக்கொண்டு, பதித்த பின் படிப்படியாக ஆறவிடுங்கள்.

சீவல்களை வெட்டும் கருவியான சுழல் மைக்ரோடோமில் மெழுகுக் கட்டையைப் பொருத்துமுன்னும் அலகை (வெட்டும் கத்தியை) மாற்றுமுன்னும் கைச்சக்கரத்தைப் பூட்டுங்கள். வேலை செய்யாத வேளையில் அலகுக் காப்பு மேலே இருக்கட்டும். முதலில் 15 முதல் 20 மைக்ரோமீற்றர் அளவில் முகத்தைச் செதுக்கி, முழு இழையமும் தெரிந்த பின் கட்டையின் முகத்தை ஈர ஐஸ் மேல் சில நிமிடங்கள் வைத்து, அலகின் புதிய பகுதிக்கு மாறி, 4 அல்லது 5 மைக்ரோமீற்றரில் சீரான வேகத்தில் சீவுங்கள்.

நாடாவில் தோன்றும் குறைகளுக்குக் காரணம் தேடுவதே சீவுவோரின் கைத்திறன். நெடுக்காகக் கீறலோ பிளவோ வந்தால் அலகில் சிறு வெட்டு இருக்கிறது, அல்லது இழையத்தில் கல்சியத் துணிக்கை இருக்கிறது. குறுக்கே வரிவரியாகத் தடித்தும் மெலிந்தும் வந்தால் அலகோ கட்டையோ தளர்ந்திருக்கிறது, அல்லது அலகின் சாய்வு அதிகம். சீவல்கள் அமுங்கிச் சுருங்கினால் அலகு மழுங்கியிருக்கும், அல்லது கட்டை சூடேறியிருக்கும். சுருண்டு உதிர்ந்தால் பெரும்பாலும் கட்டை மிகக் குளிர்ந்திருக்கிறது. முகத்தின் மேல் மென்மையாக ஒருமுறை வாயால் ஊதினால் போதும். மாசி மாதத்து வறண்ட காலைகளில் நாடா அலகிலும் கையிலும் ஒட்டிப் பறப்பது நிலைமின்னால். அருகில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்தால் அடங்கும்.

நீர்த்தொட்டி 40 முதல் 45 பாகைக்குள், மெழுகின் உருகுநிலையைவிட ஏறத்தாழ 10 பாகை குறைவாக இருக்க வேண்டும். நாடாவை ஈரத் தூரிகையால் தூக்கி, மினுங்கும் பக்கம் கீழே இருக்கும்படி, தொலைமுனையை முதலில் நீரில் தொட்டு, மெதுவாக உங்கள் பக்கம் இழுத்தவாறு கிடத்துங்கள். சுருக்கங்கள் நீரின் வெப்பத்தில் தாமாக விரிவதைக் காணலாம். விரியாமல் நின்றால் நீர் குளிர்ந்துவிட்டது. குளிரான அறையில் மேற்பரப்பு நீர் வெப்பமானி காட்டுவதைவிடக் குறைந்திருக்கும். விளிம்பு கரைந்து இழையம் சிதறினால் நீர் அதிகம் சூடானது. நல்ல சீவலைப் பிரித்து, கண்ணாடி வழுக்கியைச் சரிவாக நீருக்குள் விட்டு ஏந்தி எடுத்து, அரை மணித்தியாலமாவது நிமிர்த்தி நீர் வடியவிட்டு, பின்னரே 60 பாகைச் சூட்டில் 30 முதல் 60 நிமிடங்கள் வையுங்கள். மழைக்காலத்தில் வடிவதற்கு இன்னும் நேரம் கொடுங்கள். சீவலுக்கு அடியில் தங்கிய நீர், சாயமேற்றும்போது சீவலைக் கழற்றிவிடும்.

ஹிமற்றொக்சிலினும் இயோசினும்

மத்திய அமெரிக்காவின் ஒரு மரத்திலிருந்து கிடைக்கும் ஹிமற்றொக்சிலின், ஒட்சியேற்றப்பட்டுப் படிகாரத்தோடு சேர்ந்த பின் கருக்களை நீலமாக்குகிறது. இயோசின் குழியவுருவையும் தொடுப்பிழைய நார்களையும் இளஞ்சிவப்பாக்குகிறது. மெழுகை நீக்க சைலீனில் இரண்டு முறை ஐந்து நிமிடங்கள், தூய அற்ககோலில் இரண்டு முறை, 95, 70 சதவீதங்களில் ஒவ்வொரு முறை, பின்னர் நீர். அதன்பின் வடித்தெடுத்த ஹரிஸ் ஹிமற்றொக்சிலினில் ஐந்து நிமிடங்கள். வடிக்காமல் பயன்படுத்தினால் மேலே படரும் மினுக்கமான ஏடு சீவலில் நீலக் கறையாக ஒட்டும். நீரில் கழுவி, 70 சதவீத அற்ககோலில் 1 சதவீத ஐதரோக்குளோரிக் அமிலம் கலந்த கரைசலில் சில விநாடிகள் மட்டும் அமிழ்த்தி எடுத்து, உடனே நீரில் இடுங்கள். கருக்களைத் தவிர மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய நிறமற்றிருக்க வேண்டும்.

அடுத்து வரும் நீலமாக்கல்தான் மலையகத்தில் பலரையும் குழப்புவது. அமிலத்திலிருந்து வரும் சீவல் செந்நீலமாக இருக்கும். காரத்தன்மையுள்ள நீர் பட்டதும் அது நீலமாக மாறும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் குழாயிலிருந்து வந்தபடியே இந்த வேலையைச் செய்துவிடும். மலையகத்தின் நீரோ எளிதில் கரையாத உருமாறிய பாறைகளின் மேல் ஓடிவரும் மென்னீர். தோட்டத்து ஊற்றிலிருந்து நேரே குழாய்க்கு வரும் நீரில் இருகாபனேற்று மிகக் குறைவு. அதில் பத்து நிமிடங்கள் வைத்தாலும் கருக்கள் செந்நீலமாகவே நின்றுவிடும், இயோசின் ஏற்றிய பின் எல்லாம் ஒரே செம்மையாகத் தோன்றும். அதனால் குழாய் நீரை நம்பாமல், ஒரு லீற்றர் நீரில் 3.5 கிராம் சோடியம் இருகாபனேற்றும் 20 கிராம் மகனீசியம் சல்பேற்றும் கரைத்த ஸ்கொட் கரைசலை எப்போதும் தயாராக வைத்திருங்கள். வழுக்கியை அதில் இறக்கியதும் வெறுங்கண்ணுக்கே நிறமாற்றம் தெரியும். ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடங்கள் போதும். அதிக நேரம் விட்டால் காரம் சீவலைத் தளர்த்தும். பின்னர் ஐந்து நிமிடங்கள் நன்றாகக் கழுவுங்கள், ஏனெனில் எஞ்சிய காரம் இயோசினை ஏறவிடாது.

1 சதவீத இயோசினில் ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள். 100 மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிலீற்றர் அசற்றிக் அமிலம் சேர்த்தால் நிறம் பிரகாசமாக இருக்கும். விரைவாக நீரில் அலசி, 95 சதவீதத்திலும் தூய அற்ககோலில் இரண்டு முறையும் நீரகற்றி, இரண்டு சைலீனில் தெளிவாக்கி, மூடுவழுக்கியை ஒட்டும் பசையான டி.பி.எக்ஸ். ஒரு துளி இட்டு, மூடுவழுக்கியை ஓர் ஓரத்திலிருந்து சாய்வாக இறக்குங்கள். முதற் சைலீனில் பால்வெண்மை வந்தால் முன்னர் சொன்னதே மருந்து. எதிர்ப்பொருள் கொண்டு செய்யும் சாயமேற்றலுக்குப் பின்னாளில் போவோர் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: நுவரெலியாவில் நீர் 94 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும், ஆகவே கொதிநீரில் இருபது நிமிடம் என்று எழுதிய முறைகளுக்கு அங்கு அழுத்தச் சமையற்பாத்திரம் தேவைப்படும்.

முதற் சீவலைப் பார்த்தல்

எப்போதும் குறைந்த பெருப்பத்தில் தொடங்கி முழுச் சீவலையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆட்டுச் சிறுநீரகத்தின் புறணியில் கலன்கோளங்கள் (குருதி வடிகட்டப்படும் நுண்கலன் முடிச்சுகள்) வட்ட வட்டமாக, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய வெற்றிடத்துடன் தெரியும். அவற்றைச் சூழ்ந்து அண்மை மடிந்த சிறுகுழாய்கள் கூடிய செம்மையுடன் கிடக்கும். உயர் பெருப்பத்தில் அக்குழாய்களின் உள்விளிம்பைத் தேடுங்கள். அங்கே மெல்லிய தூரிகை போன்ற ஓரம் ஒழுங்காக நின்றால் இழையம் நேரத்துக்குப் போமலினுக்குள் போயிருக்கிறது. விளிம்பு கரைந்து, குழாயின் உள்ளிடம் கலத்துணுக்குகளால் அடைபட்டு, கருக்கள் உள்விவரமின்றி மங்கியிருந்தால் தாமதமே காரணம். சாயத்தை மாற்றிப் பயனில்லை. மடிப்பு, கீறல், போமலின் நிறப்பொருள், கலங்களுக்கிடையே சுருங்கியதால் வந்த வெற்றிடம் ஆகியவற்றை முதலில் அடையாளம் கண்டு ஒதுக்கிய பின்பே நோய்மாற்றம் பற்றிப் பேச வேண்டும்.

ஹிமற்றொக்சிலின், இயோசின் எழுப்பும் கேள்விக்கேற்ப மற்றச் சாயங்களுக்குப் போகலாம்: கிளைக்கோசனுக்கும் சளிக்கும் பூஞ்சணத்துக்கும் பி.ஏ.எஸ்., நார்ப் பெருக்கத்துக்கு மசோன் முந்நிறச் சாயம், இரும்புக்குப் பேர்ல்ஸ், காசநோய்க் கிருமிக்கு சீல்-நீல்சன். ஒவ்வொரு தொகுதியோடும், அந்தப் பொருள் உறுதியாக இருக்கிறதென்று அறிந்த ஒரு சீவலையும் சேர்த்துச் சாயமேற்றுங்கள்.

கழிவும் சேமிப்பும்

மகாவலி, களனி, வளவை ஆறுகள் இந்த மலைகளிலேயே பிறக்கின்றன. நாம் தொட்டியில் ஊற்றும் போமலினும் சைலீனும் கீழேயுள்ளவர்களின் நீரில்தான் போய்ச் சேரும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கலனில் பெயரெழுதிச் சேர்த்து, நிறுவனத்தின் இரசாயனக் கழிவு ஏற்பாட்டின் வழியாக மட்டும் அகற்றுங்கள்; பிக்கிரிக் அமிலக் கழிவை ஈரமாகவே வைத்திருங்கள்.

மெழுகுக் கட்டைகளின் வெட்டிய முகத்தை உருகிய மெழுகில் தொட்டு மூடி, இலக்கமும் திகதியும் பதிவேட்டில் சரிபார்த்து அலுமாரியில் வையுங்கள். தேவைப்படும்போது பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றிலிருந்து சீவலாம். ஈரமான அறைகளில் நுணுக்குக்காட்டியின் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், பயன்படுத்தாத வேளையில் சிலிக்கா ஜெல் வைத்த மூடிய பெட்டிக்குள் அதை வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்துங்கள். டி.பி.எக்ஸ். குளிரில் மெதுவாகவே இறுகும். புதிய வழுக்கிகளைத் தட்டையான தட்டில் இரண்டு வாரங்களாவது கிடையாக வைத்து, மூடுவழுக்கியின் ஓரத்தைத் தொட்டால் நகராது என்று உறுதியான பின்பே பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள்.